பென்டிரைவோடு ராத்திரி கண்விழிக்கும் தோழர்களுக்கு



கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மேசை மேல் நான்கு சிபியுவையும் இரண்டு லேப்டாப்பையும் வரிசையாக வைத்துக்கொண்டு, ஒன்றில் ‘நெக்ஸ்ட்’ அழுத்திவிட்டு அடுத்ததற்கு நகரும் உங்களுக்குத்தான் இந்த மடல். மே மாதக் கடைசியில், பள்ளி திறப்பதற்குள், நாற்பது சிஸ்டத்துக்கு ஒற்றை ஆளாக ஓஎஸ் போட்டு முடிக்க வேண்டிய லேப் அசிஸ்டென்ட் தம்பி தங்கைகளையும் சேர்த்தே சொல்கிறேன். 2003 முதல் நானும் இதே வேலையில்தான் இருக்கிறேன். ‘ஃபார்மேட் அடிச்சுக் குடுங்கண்ணே’ என்ற குரலைக் கேட்காத நாள் குறைவு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்ட பிறகு அந்தக் குரல் இன்னும் கூடியிருக்கிறது.

உங்களில் பலர் சட்டைப்பையில் ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறீர்கள். அதில் இருப்பது மைக்ரோசாஃப்ட் தளத்தில் இறக்கிய ஐஎஸ்ஓ இல்லை என்பதும் எனக்குத் தெரியும். யாரோ ஒருவர் ‘லைட்’ என்றும் ‘ஆல் இன் ஒன்’ என்றும் பெயர் சூட்டி, டிரைவர், ஆபீஸ், ஆக்டிவேட்டர் எல்லாவற்றையும் உள்ளே திணித்து உலவவிட்ட ஒன்று அது. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்பதும் புரிகிறது. எதையும் கேட்காமல் தானே ஓடி முடிகிறது. அதற்குள் இன்னொரு வேலையைப் பார்க்கலாம். அந்தச் சௌகரியத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைச் செய்தவர் யார், உள்ளே என்ன வைத்தார் என்று நமக்குத் தெரியாது. ஒரு மனிதர் தன் வங்கிக் கணக்கைத் திறக்கப்போகும் மெஷினில் அதை ஏற்றிக் கொடுக்கிறோம். அவர் நம் முகத்தை நம்பித்தான் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அதே சௌகரியத்தை உங்கள் கையாலேயே செய்துகொள்ள முடியும். சுத்தமான ஐஎஸ்ஓ, செட்டப்பின் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் சொல்ல நீங்களே எழுதிய ஆன்சர் ஃபைல், நீங்களே பொறுக்கிச் சேர்த்த டிரைவர்கள், சத்தமில்லாமல் ஏறும் சில மென்பொருள்கள். ஒரு வாரம் சாயங்காலங்களை ஒதுக்கினால் போதும். செய்யுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இது புதிய வித்தை ஒன்றும் இல்லை. எக்ஸ்பி காலத்தில் வின்என்டி டாட் சிஃப் என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் உண்டு. அதை எழுதி ஐ386 ஃபோல்டரில் போட்டு சிடி எரித்தால், பெயர், சீரியல் நம்பர், நேர மண்டலம் எல்லாம் தானே நிரம்பிக்கொள்ளும். முதல் தடவை அப்படி ஒரு சிடியை எரித்துப் போட்டுவிட்டு, முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் டெஸ்க்டாப் தானாக வந்து நின்றதைப் பார்த்த ராத்திரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிறகு சாட்டா டிஸ்க்குகள் வந்தன. எக்ஸ்பி சிடிக்கு அந்தக் கன்ட்ரோலரை அடையாளம் தெரியவில்லை. நீலத்திரையில் 7பி என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி நின்றது. எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியில் டிரைவர் கொடு என்றது. புது மெஷின்களிலோ ஃபிளாப்பி டிரைவே கிடையாது. என்லைட் என்ற இலவச மென்பொருளை வைத்து டிரைவரை சிடிக்குள்ளேயே சேர்க்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

விஸ்டாவிலிருந்து கதை மாறியது. ஃபைல் ஃபைலாகக் காப்பி செய்வதை விட்டு, முழு விண்டோஸும் ஒரே விம் ஃபைலாக வந்தது. டெக்ஸ்ட் ஃபைலின் இடத்தில் எக்ஸ்எம்எல் வந்தது. ஆட்டோஅன்அட்டெண்ட் டாட் எக்ஸ்எம்எல் என்று பெயரிட்டு, எந்த ஃபோல்டருக்குள்ளும் வைக்காமல் பென்டிரைவில் நேராகப் போட்டால் செட்டப் அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 11 வரை இதுதான் முறை. அந்த எக்ஸ்எம்எல்லை எழுதித் தர மைக்ரோசாஃப்டே சிஸ்டம் இமேஜ் மேனேஜர் என்ற கருவியை ஏடிகே தொகுப்பில் இலவசமாகத் தருகிறது.

அந்த ஃபைலில் ஏழு கட்டங்கள் உண்டு. ஏழையும் பார்த்துப் பயந்து பாதியில் விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். நமக்கு வேண்டியது மூன்றுதான். டிஸ்க்கையும் எடிஷனையும் கேட்கிற விண்டோஸ்பிஇ, அந்த மெஷினுக்கென்று பெயர் வைக்கிற ஸ்பெஷலைஸ், கடைசியில் யூசரையும் கீபோர்டையும் கேட்கிற ஊபி. மற்ற நான்கும் பெரிய நிறுவனங்களின் தேவைக்கு. இப்போதைக்குத் தொட வேண்டாம்.

ஊபி கட்டத்தில் ஒரு வரியைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். இன்புட்லொக்கேல் என்று இருக்கும். அதில் 0409:00000409 என்று எழுதினால் ஆங்கிலக் கீபோர்டு. பின்னால் ஓர் அரைப்புள்ளி வைத்து 0449:00020449 என்று சேர்த்தால் தமிழ்99 கீபோர்டும் முதல் நாளே டாஸ்க்பாரில் வந்து உட்கார்ந்துவிடும். டிடிபி கடைக்காரரோ, மனு தட்டச்சு செய்கிறவரோ, பள்ளித் தமிழாசிரியரோ, அடுத்த நாள் ‘தமிழ் வரலையே’ என்று போன் செய்ய வேண்டியதில்லை. நேர மண்டலத்துக்கு இந்தியா ஸ்டாண்டர்ட் டைம் என்று ஒரு வரி. இந்த இரண்டு வரிகளும் நீங்கள் எங்கிருந்தோ எடுத்த ஐஎஸ்ஓவில் இருக்காது. உங்கள் வாடிக்கையாளரை அறிந்தவர் நீங்கள்தான். ஃபைலை நீங்களே எழுத வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல காரணம் தோன்றவில்லை.

இனி டிரைவர். நம் நேரத்தை அதிகம் தின்பது இதுதான்.

ஃபார்மேட் அடிப்பதற்கு முன் மெஷின் ஓடுகிற நிலையில் இருந்தால், முதலில் அதிலுள்ள டிரைவர்களை வெளியே எடுத்துவிடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்டில் டிஸ்ம் கருவியை ஆன்லைன், எக்ஸ்போர்ட்-டிரைவர் என்ற இரண்டு சொற்களோடு ஓட்டி, எந்த ஃபோல்டரில் போட வேண்டும் என்று சொன்னால் போதும். அந்த மெஷினில் வெளியிலிருந்து ஏறிய அத்தனை டிரைவரும் ஐஎன்எஃப் ஃபைலோடு தனித்தனி ஃபோல்டரில் வந்து விழும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஃபார்மேட் அடித்துவிட்டு, லேன் டிரைவர் இல்லாததால் நெட் இல்லை, நெட் இல்லாததால் லேன் டிரைவரை இறக்க முடியவில்லை என்று போனை யுஎஸ்பியில் சொருகி அல்லாடிய ராத்திரிகள் நம் எல்லோருக்கும் உண்டு. எடுத்த ஃபோல்டரைப் புது விண்டோஸில் வைத்து, பிஎன்பியூட்டில் கொண்டு ஒரே வரியில் மொத்தமாக ஏற்றிவிடலாம். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி ஒன்றுகூட இல்லாமல் திறக்கும்போது வரும் நிம்மதியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டிஸ்க் டிரைவர் மட்டும் வேறு சாதி. 11-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகள் வந்த புதிதில் ஒன்று என் மேசைக்கு வந்தது. செட்டப்பில் டிஸ்க் பட்டியல் காலி. எஸ்எஸ்டி செத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பயாஸில் பார்த்தால் இருக்கிறது. விஎம்டி என்ற இன்டெல் அமைப்புக்குப் பின்னால் டிஸ்க் ஒளிந்திருந்தது. அதற்குரிய ஆர்எஸ்டி டிரைவர் விண்டோஸ் ஐஎஸ்ஓவில் கிடையாது. சரி என்று டிரைவரை எடுத்து இன்ஸ்டால் டாட் விம்மில் சேர்த்துவிட்டுத் திரும்ப ஓட்டினேன். அப்போதும் காலி. பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைத்த கதை. டிஸ்க்கைத் தேடும் நேரத்தில் ஓடுவது இன்ஸ்டால் டாட் விம் இல்லை, பூட் டாட் விம்முக்குள் இருக்கும் குட்டி விண்டோஸ். அதற்குள்ளும் இரண்டு இமேஜ்கள். செட்டப் ஓடுவது இரண்டாவதில். அந்த இரண்டாவதில் டிரைவரைச் சேர்த்த பிறகுதான் டிஸ்க் கண்ணில் பட்டது. விம்மை மவுன்ட் செய்து ஒவ்வொன்றாகச் சேர்க்கக் கை நடுங்குகிறவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. வின்பிஇடிரைவர் என்ற சொல்லுக்கு இரு புறமும் டாலர் குறி போட்டுப் பென்டிரைவில் ஒரு ஃபோல்டர் வைத்து, ஐஎன்எஃப் உள்ள டிரைவர்களை அதில் போட்டால், செட்டப் அங்கேயும் போய்த் தேடிப் பார்க்கும். இருபது வருடத்துக்கு முந்தைய எஃப்6 ஃபிளாப்பியின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல ஜிபி அளவுள்ள டிரைவர் பேக்கை மொத்தமாக இமேஜில் கொட்டாதீர்கள். டெல், ஹெச்பி, லெனோவா மூவருமே தங்கள் அலுவலக மாடல்களுக்கு மாடல் வாரியாக டிரைவர் தொகுப்புகளைத் தருகிறார்கள். உங்கள் ஊரில் அதிகம் புழங்கும் எட்டு பத்து மாடலுக்கு எடுத்து வைத்தாலே வரும் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். இன்ஸ்டால் டாட் விம் 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 பென்டிரைவில் ஏறாது. டிஸ்ம் கொண்டே எஸ்டபிள்யுஎம் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள், செட்டப் அதைச் சேர்த்துப் படித்துக்கொள்ளும்.

சைலன்ட் இன்ஸ்டாலுக்கு வருகிறேன். எந்த மென்பொருளும் ஏதோ ஓர் இன்ஸ்டாலர் கருவியில் கட்டப்பட்டதுதான். அது எது என்று தெரிந்தால் சுவிட்ச் தெரிந்துவிடும். எம்எஸ்ஐ என்றால் ஸ்லாஷ் க்யூஎன். இன்னோ செட்டப் என்றால் ஸ்லாஷ் வெரிசைலன்ட். வெறும் சைலன்ட் என்று கொடுத்தால் முன்னேற்றப் பட்டை மட்டும் தெரியும். வின்ஆம்ப் செய்த நல்சாஃப்டிலிருந்து வந்த என்எஸ்ஐஎஸ் என்றால் ஸ்லாஷ் எஸ். அந்த எஸ் கட்டாயம் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், சின்ன எழுத்தைக் கொடுத்தால் கண்டுகொள்ளாமல் ஜன்னலைத் திறந்துவிடும். 7-ஜிப்பின் எக்ஸ்இ, விஎல்சி இரண்டுக்கும் இந்தப் பெரிய எஸ் போதும். இப்போது விண்டோஸோடு வரும் விங்கெட், இந்தச் சுவிட்சுகளை எல்லாம் தானே அறிந்துவைத்திருக்கிறது. நெட் நன்றாக உள்ள கடைக்கு அது போதும். நெட் விட்டு விட்டு வரும் ஊர்ப் பள்ளியில் ஃபைல்களைப் பென்டிரைவில் வைத்து ஏற்றுவதுதான் உதவும்.

ஒரு லேப்பில் பத்து மெஷினில் ஒரே ஸ்கிரிப்டை ஓட்டினேன். ஐந்து மென்பொருள். ஏழு மெஷினில் ஐந்தும் ஏறின, மூன்றில் நான்குதான். திரையில் எந்தப் பிழையும் இல்லை. சைலன்ட் என்று சொல்லிவிட்டோமே, அது எப்படி வாய் திறக்கும்? ஒவ்வொரு வரிக்கும் லாக் எழுதச் சொல்லித் திரும்ப ஓட்டியபோது, ஏறாத எம்எஸ்ஐ 1618 என்ற எண்ணோடு திரும்பியிருந்தது. வேறொரு இன்ஸ்டால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கு முந்தைய வரியில் இருந்த பிரின்டர் மென்பொருள், தன் வேலையைப் பின்னணியில் ஒரு குட்டி நிரலிடம் ஒப்படைத்துவிட்டு ‘முடிந்தது’ என்று உடனே கையைக் கழுவியிருக்கிறது. மெதுவான மூன்று மெஷின்களில் அந்தக் குட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தபோதே அடுத்தது போய் முட்டியிருக்கிறது. பிரின்டரைக் கடைசி வரிக்குத் தள்ளினேன், தீர்ந்தது. 0 என்றால் வெற்றி, 3010 என்றால் வெற்றிதான் ஆனால் ரீஸ்டார்ட் வேண்டும், 1603 என்றால் தோல்வி. இந்த நான்கு எண்களையும் கடைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்று. ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்பார்கள். சைலன்ட் இன்ஸ்டாலில் அது அப்படியே உண்மை. லைசென்ஸ் ஒப்பந்தத்துக்கு வாடிக்கையாளர் சார்பில் நாம் சம்மதம் சொல்லிவிடுகிறோம். ஆகவே என்னென்ன ஏற்றினோம் என்று ஒரு தாளில் எழுதி மெஷினோடு கொடுத்துவிடுங்கள். லைசென்ஸ் கேட்கிற கணக்கு மென்பொருள்களை ஸ்கிரிப்டில் சேர்க்காமல் அவர் முன்னிலையில் ஏற்றுங்கள்.

ஸ்கிரிப்டை எங்கிருந்து ஓட்டுவது என்பதில் ஒரு படுகுழி இருக்கிறது. நான் இரண்டு நாள் அதில் கிடந்தேன். செட்டப்கம்ப்ளீட் டாட் சிஎம்டி என்ற பெயரில் விண்டோஸ், செட்டப், ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் வைத்தால், லாகின் திரை வருவதற்கு முன்பே விண்டோஸ் அதை ஓட்டிவிடும். கடையில் வைத்திருந்த டெஸ்க்டாப்பில் ஒழுங்காக ஓடியது. வாடிக்கையாளரின் லேப்டாப்பில் ஓடவில்லை. எழுத்துப்பிழையா, ஃபோல்டர் தவறா என்று வரி வரியாகத் தேடினேன். விஷயம் வேறு. நம் ஊரில் விற்கும் லேப்டாப் பலவற்றில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் எடிஷன்தான் வருகிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து அதன் கீ மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. செட்டப் அந்த ஓஇஎம் கீயை எடுத்துக்கொள்கிறது. ஓஇஎம் கீ என்றால் செட்டப்கம்ப்ளீட் ஓடாது. மைக்ரோசாஃப்டின் ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அன்றிலிருந்து என் ஸ்கிரிப்டை எல்லாம் ஆன்சர் ஃபைலின் ஃபர்ஸ்ட்லாகான்கமாண்ட்ஸ் பகுதிக்கு மாற்றிவிட்டேன். முதல் லாகினில் ஓடும், எந்தக் கீயாக இருந்தாலும் ஓடும். அந்த லேப்டாப்புகளில் புரோ எடிஷனை ஏற்றி, பிறகு ஆக்டிவேட்டரைத் தேடி அலைகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அவர் காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதே எடிஷனைப் போட்டால் தானே ஆக்டிவேட் ஆகும்.

லேப் ஆட்களிடம் ஒரு வார்த்தை. ஒரு மெஷினை முழுசாகத் தயார் செய்து, அதைக் கோஸ்ட் எடுத்து மற்ற முப்பத்தொன்பதிலும் அடிக்கிற வழக்கம் நமக்கு உண்டு. அடிப்பதற்கு முன் சிஸ்பிரெப்பை ஜெனரலைஸ் சுவிட்சோடு ஓட்டவேண்டும். அப்போதுதான் எஸ்ஐடி என்ற அடையாள எண் ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக அமையும். ஒரே எஸ்ஐடி நாற்பது மெஷினில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச் 2009-ல் எழுதியதை வைத்து நாம் பல வருடம் ஓட்டிவிட்டோம். 2025 ஆகஸ்ட் கடைசியிலிருந்து வந்த புதுப்பிப்புகள் அந்தக் கணக்கை மாற்றிவிட்டன. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2, 25ஹெச்2 பதிப்புகளில் ஒரே எஸ்ஐடி உள்ள மெஷின்கள் ஒன்றோடு ஒன்று ஃபைல் ஷேரிங்கிலோ ரிமோட் டெஸ்க்டாப்பிலோ லாகின் ஆக மறுக்கின்றன. ஆன்சர் ஃபைலோடு ஒவ்வொன்றாக ஏற்றினால் இந்தத் தொல்லையே வராது. ஆறு பென்டிரைவ் இருந்தால் ஒரே நேரத்தில் ஆறு மெஷின் ஓடும்.

ஆன்சர் ஃபைலில் எழுதிய பாஸ்வேர்டு பூட்டி வைக்கப்பட்டதாக நினைக்காதீர்கள். எழுத்துகள் குழம்பித் தெரிவது வெறும் பேஸ்64 மாற்றம். எவரும் ஒரு நொடியில் திருப்பிவிடலாம். அந்தப் பென்டிரைவை ஒரு மாணவன் கையில் கொடுத்தால் லேப் முழுவதன் பாஸ்வேர்டையும் கொடுத்ததாக அர்த்தம். தற்காலிகமாக ஒன்றை எழுதி, வேலை முடிந்ததும் மாற்றுங்கள்.

கடைசியாக டிஸ்க். இதைச் சொல்லத்தான் இந்த மடலையே தொடங்கினேன் என்று நினைக்கிறேன்.

ஆன்சர் ஃபைலில் வில்வைப்டிஸ்க் என்று ஒரு வரி உண்டு. அதற்கு ட்ரூ என்று எழுதி, டிஸ்க் எண் 0 என்று கொடுத்தால், செட்டப் ஒரு கேள்வியும் கேட்காமல் அந்த டிஸ்க்கை அழித்துப் பார்ட்டிஷன் போட்டுவிடும். ஒற்றை டிஸ்க் உள்ள லேப் மெஷின்களில் இதை வைத்து நூற்றுக்கணக்கில் ஏற்றியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில், ஒரு நாள் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரரின் சிபியுவில் அதே பென்டிரைவைச் சொருகிவிட்டு டீ குடிக்கப் போனேன். அவரிடம் இரண்டு டிஸ்க். விண்டோஸ் இருந்த எஸ்எஸ்டி எண் 1. படங்கள் இருந்த பழைய 2 டிபி ஹார்டு டிஸ்க் எண் 0. திரும்பி வந்தபோது திரையில் டெஸ்க்டாப் அழகாக வந்து நின்றது. இ டிரைவைத் திறந்தால் பழைய விண்டோஸ் இருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ரெக்கவரி மென்பொருளை வைத்து நான்கு நாள் ஓட்டியதில் பெரும்பகுதி திரும்பி வந்தது. புது விண்டோஸ் எழுதப்பட்ட இடத்தில் இருந்தவை வரவில்லை. அதில் இரண்டு கல்யாணம். அவர் என்னைத் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அந்தப் பொண்ணோட அப்பா போன மாசம் தவறிட்டாருங்க. நான் போய் என்னன்னு சொல்லட்டும்?’ என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

ஆகவே கடைக்கு வருகிற மெஷினுக்கு ஏற்றும் ஆன்சர் ஃபைலில் டிஸ்க் பகுதியையே எழுதாதீர்கள். எழுதாமல் விட்டால் செட்டப் அந்த ஒரு திரையில் மட்டும் நின்று உங்களைக் கேட்கும். மற்றதெல்லாம் தானே ஓடும். உங்களுக்கு ஆகும் செலவு ஒரு நிமிடம். டேட்டா டிஸ்க் தனியாக இருந்தால் அதன் கேபிளைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஒற்றை டிஸ்க் லேப்புக்கென்று அழிக்கிற பென்டிரைவ் ஒன்று வேண்டும் என்றால் அதில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, கடைக்குள் கொண்டுவராமல் வேறு பையில் வையுங்கள். வேலை முடிந்ததும் மெஷினில் மறந்துவிட்டு வராதீர்கள். பயாஸில் யுஎஸ்பி முதலில் இருந்தால், அடுத்த நாள் காலையில் யாராவது பவரை அழுத்தியதும் அது எவரையும் கேட்காமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். எழுதிய ஃபைலை முதலில் ஒரு விர்ச்சுவல் மெஷினில் இரண்டு டிஸ்க் வைத்து ஓட்டிப் பாருங்கள்; அங்கே அழிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

அந்த ஸ்டுடியோக்காரர் இப்போதும் என்னிடம்தான் வருகிறார். ஒவ்வொரு முறையும் சிபியுவை மேசையில் வைத்துவிட்டு, ஹார்டு டிஸ்க்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்ததாகத் தணிந்த குரலில் சொல்கிறார். நான் தலையை ஆட்டிவிட்டு, மூடியைக் கழற்றி, உள்ளே இன்னொரு முறை பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்களோடு இதே மேசையில் இருக்கும் ஒருவன்